முன்கூட்டி வந்த அறுபது

லான் சாய்யிங் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள், படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, யாரோ ஒருவர் வெல்ஷ்காரரின் அறுபதாம் பிறந்தநாள் கதையை எடுத்தார். மேசை முழுக்கச் சிரித்தது. லான் சாய்யிங்கின் கணவரும் சிரித்தார். துக்க வீட்டில் இப்படிச் சிரிக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. அந்த அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வேறு எங்கேயும் போய் நிற்காது.

தென் சீனத்து லியூஜோவில், ஊரை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டதைப் போல ஆறு வளையும் இடத்தில், ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. அதன் இரண்டாம் மாடிக் கோடியில் 'வெளிநாட்டு விவகார அலுவலகம்' என்று பலகை தொங்கிய அறையில் பத்தொன்பது வருஷம் அவர் ஒருவர்தான் அலுவலகம். தலைவர், எழுத்தர், மொழிபெயர்ப்பாளர், ஓட்டுநர் எல்லாம் அவரே. வாகனம் என்பது ஒரு பச்சை மின்சார ஸ்கூட்டர். ஆங்கிலம் சொல்லித்தர எந்த நாட்டிலிருந்து யார் வந்தாலும், ரயிலை விட்டு இறங்கிய கையோடு அந்த ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய்விடுவார். தங்குமிடத்தைப் பதிவு செய்ய இருபத்துநாலு மணி நேரம் அவகாசம் உண்டு. லான் சாய்யிங்கின் அகராதியில் அது இருபது நிமிஷம்.

"பசிக்குதுன்னு சொல்றாரே?" என்று காவலர் கேட்பார்.

"கையெழுத்து போட்டுட்டு பசிக்கட்டும்" என்பார் இவர்.

அவருடைய வேலை எத்தகையது என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு கனடாக்காரப் பையனின் பட்டச் சான்றிதழை அவனுடைய அம்மா பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து உருக்கி ஒட்டிவிட்டாள். தூதரகத்தில் முத்திரை குத்தக் காகிதம் வெளியே தெரிய வேண்டாமா? தலைமுடி உலர்த்தும் கருவியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து, எழுத்துக்குச் சேதமில்லாமல் அந்த உறையை உரித்தெடுத்தார் லான் சாய்யிங். "உங்கம்மாகிட்ட சொல்லு, அடுத்த பிள்ளையோட பட்டத்தையாவது சட்டம் போட்டு சுவத்துல மாட்டச் சொல்லு" என்றார். இன்னொரு முறை நியூசிலாந்துப் பெண் ஒருத்தியை மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார். வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தார். அவள் விடிகாலையிலேயே தெருமுனைக் கடையில், புளித்த மூங்கில் குருத்து போட்ட நத்தை நூடுல்ஸ் ஒரு கிண்ணம் முடித்துவிட்டு, ஒன்றும் சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்தாள். ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் மூக்கைச் சுளித்தாள். "வயித்துல ஒண்ணும் இல்லங்கறா. வாயில புளிச்ச மூங்கில் குருத்து மணக்குதே அக்கா!"

"ஊருக்கு வந்து நாலு நாள்தான் ஆகுது, அதுக்குள்ள எங்க ஊர்க்காரி ஆயிட்டா. நாளைக்கு வரோம்" என்று லான் சாய்யிங் அவளைத் திரும்ப ஸ்கூட்டரில் ஏற்றினார்.

சுவரில் பெரிய நாள்காட்டி ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு நிறம். வேலை அனுமதி அட்டை முடியும் நாள், கடவுச்சீட்டில் ஒட்டிய தங்கும் அனுமதி முடியும் நாள், கடவுச்சீட்டே முடியும் நாள் எல்லாம் வண்ணப் பேனாவில் வட்டமிட்டிருக்கும். பத்தொன்பது வருஷத்தில் நாற்பத்து மூன்று பேர் வந்து போனார்கள். ஒருவருக்கும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. தேதி என்றால் லான் அக்கா என்பது கல்லூரியில் பேச்சு. ஒவ்வொரு வருஷ முடிவிலும் 'சிறந்த ஊழியர்' சான்றிதழ் அவருக்குத்தான். அலமாரிக்கு மேலே வரிசையாக மாட்டி வைத்திருந்தார். யாராவது பார்த்தால், "சுவத்துல விரிசல் இருக்கு, மறைக்கறதுக்கு" என்பார். ஆனால் வாரம் ஒரு முறை துடைப்பார்.

அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருவர் எம்ரிஸ் பியூ. இந்தக் கதை நடந்தபோது அவர் வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. வேல்ஸ் நாட்டு நிலக்கரி ஊர்க்காரர். ஆறடி உயரம், சிவந்த கழுத்து. ஊரில் ஓர் அக்கா இருந்தார், அவரும் இறந்துவிட்டார். கல்லூரி வளாகத்துக் குடியிருப்பில் ஓர் அறை. தினமும் காலையில் ஊர்க் கிழவர்களோடு ஆற்றில் நீந்துவார். இடுப்பில் கட்டிய ஆரஞ்சு நிற மிதவை பின்னாலேயே வரும். அவர் பேசும் சீன மொழி ஆற்றங்கரையில் கற்றது. வகுப்பறையில் பேசக் கூடாத சொற்கள் அதில் நிறைய இருந்தன, அவருக்கு அது தெரியாது. சொல்லிக் கொடுக்க மாணவிகளுக்கு மனம் வரவில்லை.

எல்லோரும் கூப்பிடுவதைப் பார்த்து அவரும் 'லான் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

"என்னைவிட ஏழு வயசு பெரியவர் என்னை அக்கான்னா எனக்கு வயசு எத்தனை வாத்தியாரே?"

"மரியாதைக்கு லான் அக்கா."

"மரியாதை எல்லாம் வேண்டாம். தங்கச்சின்னா காசு கேட்டுடுவேன்னு பயம், அதான?"

இரண்டாயிரத்துப் பதினெட்டு இலையுதிர்காலத்தில் எம்ரிஸின் வகுப்பு கடைசி ஆண்டுக்கு வந்திருந்தது. முப்பத்தெட்டுப் பெண்கள். மலைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். முதல் வருஷம் வாயைத் திறக்காதவர்களை ஆங்கிலத்தில் சண்டை போடும் அளவுக்குக் கொண்டு வந்திருந்தார். ஜூனில் அவர்கள் பட்டம் வாங்கி ஊருக்குப் போய் ஆசிரியைகள் ஆக வேண்டும். ஜூன் வரைக்கும் உங்களோடு இருப்பேன், கடைசிப் பெண் மேடையேறுகிறவரைக்கும் நகர மாட்டேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு வயது அறுபதாகிவிடும். அறுபது தாண்டிய வெளிநாட்டு ஆசிரியருக்கு வேலை அனுமதி கிடையாது. அது அவருக்கும் தெரியும், லான் சாய்யிங்குக்கும் தெரியும். நாள்காட்டியில் அடுத்த வருஷ நவம்பர் ஒன்பதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்தது.

கோளாறு வந்தது இந்த வருஷ நவம்பர் ஒன்பதில்.

"வாத்தியாரே, வர வெள்ளிக்கிழமை உங்களுக்கு அறுபது. சாப்பாட்டுக்கூடத்து மாடியில நாலு மேசை சொல்லிட்டேன்" என்றார் லான் சாய்யிங்.

"எனக்கு ஐம்பத்தொன்பதுதான் ஆகுது லான் அக்கா."

"அது உங்க ஊர் கணக்கு. அம்மா வயித்துல இருந்த மாசமெல்லாம் எந்தக் கணக்குல எழுதுவீங்க? அங்க சும்மாவா இருந்தீங்க?"

எம்ரிஸ் யோசித்தார். "அப்ப அடுத்த வருஷம்? நிஜமாவே அறுபது ஆகும்போது?"

"அப்ப ஒண்ணும் கிடையாது. ஆம்பளைக்கு அறுபது ஓட ஆரம்பிக்கறப்பவே கொண்டாடிடணும். முடிஞ்சப்புறம் கொண்டாடினா நல்லதில்ல. பொம்பளைங்கதான் முழுசா முடிச்சிட்டுக் கொண்டாடலாம்."

"ஏன்?"

"பொம்பளைங்களுக்கு அவசரமில்ல."

உண்மையில் லான் சாய்யிங்குக்கு இருந்த ஒரே எண்ணம், அறுபதைத் தொடும் ஓர் ஆம்பளைக்கு மேசை போட ஆளில்லாமல் போய்விடக் கூடாது என்பதுதான். மகன் போட வேண்டும், மருமகள் போட வேண்டும். இவருக்கு யார் இருக்கிறார்கள்? கல்லூரிச் சமையல்காரரிடம் சொல்லிப் பீச் பழம் போலச் சிவப்பு நுனி வைத்த மாவு உருண்டைகளை வேகவைக்கச் செய்தார். நீண்ட ஆயுளுக்கு அடையாளமாக அறுந்துவிடாத நீள நூடுல்ஸ் போடச் சொன்னார். மாணவிகள் சிவப்புத் துணியில் தங்க எழுத்தில் 'எம்ரிஸ் ஆசிரியருக்கு அறுபதாம் பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று பதாகை எழுதி மேடைக்குப் பின்னால் கட்டினார்கள். கல்லூரி முதல்வர் கோப்பையைத் தூக்கி, "அறுபது வயதிலும் ஆற்றில் நீந்தும் நம்முடைய இளைஞர்" என்று வாழ்த்தினார். எம்ரிஸ் மூன்று முறை "ஐம்பத்தொன்பது" என்றார். மூன்று முறையும் எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் கல்லூரியின் வீசாட் சமூக ஊடகப் பக்கத்தில் படங்களோடு செய்தி வந்தது. தலைப்பிலும் அறுபதுதான்.

நான்காவது மேசையில் மது தொடாமல் உட்கார்ந்திருந்தார் ஹாவ் ஜான்வூ. பணியாளர் பிரிவுக்குப் புதிதாக வந்தவர், வடக்கே ஷென்யாங்காரர், வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். முந்தைய இடத்தில் யாரோ செய்த தவறுக்கு இவர் விளக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அன்றிலிருந்து எதையும் ஒரு நாள் முன்னதாகவே செய்துவிடுவது என்று வைத்துக்கொண்டிருந்தார். பதாகையைப் பார்த்ததும் கையிலிருந்த மாவு உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அறுபது முடிந்த வெளிநாட்டு ஆளை வேலையில் வைத்திருந்தால் கல்லூரிக்கு அபராதம். இவர்கள் என்னடா என்றால் மேடை போட்டுக் கைதட்டுகிறார்கள்.

அவருடைய ஊரில் அறுபது என்றால் அறுபது முடிந்த பிறகுதான். தெற்கே ஆண்களுக்கு ஒரு வருஷம் முந்திக்கொண்டு கொண்டாடுவார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பிறந்த தேதியைப் பார்த்திருக்கலாம். ஆனால் கடவுச்சீட்டு நகல்கள் லான் சாய்யிங்கின் இரும்பு அலமாரியில் பூட்டியிருந்தன. அவரோ திங்களும் செவ்வாயும் நான்னிங் நகரில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டார். பார்க்கத்தான் வேண்டுமா என்றும் ஹாவுக்குத் தோன்றியது. தேதி என்றால் லான் அக்கா. அந்த அக்காவே கட்டச் சொன்ன பதாகை அது.

திங்கட்கிழமை காலையில் எம்ரிஸ் பியூவின் வேலை அனுமதியை ரத்து செய்யும்படி கல்லூரியின் பெயரில் விண்ணப்பம் போனது. காரணம்: வயது வரம்பு. இணைப்பு: கல்லூரியின் வீசாட் செய்தி, படத்துடன்.

புதன்கிழமை காலை எட்டரைக்கு லான் சாய்யிங் அறையைத் திறந்து தேநீருக்கு வெந்நீர் வைத்தபோது தொலைபேசி அடித்தது. அரசு சேவைக் கூடத்தில் பதினாலாம் சன்னல் பெண். எல்லோரும் சின்ன நோங் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அக்கா, அந்த வெல்ஷ் வாத்தியாரோட அட்டையைத் திருப்பிக் கொடுக்கணுமே. இன்னைக்குக் கொண்டு வரீங்களா?"

"எதுக்குத் திருப்பிக் கொடுக்கணும்?"

"ரத்துக்கு நீங்கதானே போட்டிருக்கீங்க? வயசாயிடுச்சுன்னு. படம்கூட இருக்கு. நீங்க மாவு உருண்டைத் தட்டோட நிக்கறீங்க, ரொம்ப நல்லா விழுந்திருக்கு."

லான் சாய்யிங் நாற்காலியில் உட்கார்ந்தார். "நோங், அது முடிஞ்சிடுச்சா?"

"நான் வாங்கிட்டேன். பிரிவுத் தலைவர் இன்னும் பார்க்கல. மதியத்துக்குள்ள பார்த்துடுவார். அவர் ஒரு அழுத்து அழுத்தினா அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றால் என்னவென்று லான் சாய்யிங்குக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அனுமதி செத்தால் தங்கும் அனுமதியும் சாகும். மிஞ்சிப் போனால் ஒரு மாதம் கொடுப்பார்கள், அதற்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். திரும்பி வர வேண்டுமானால் வெளியே போய், பட்டத்துக்கு மறுபடி தூதரக முத்திரை, அந்த நாட்டுக் காவல்துறைச் சான்று எல்லாம் வாங்கி, முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். நாலைந்து மாதம் ஆகும். ஐம்பத்தொன்பது முடிந்தவருக்கு எந்த அதிகாரி புது அனுமதி கொடுப்பார்? போனால் போனதுதான். முப்பத்தெட்டுப் பெண்களும் ஜூனில் அவர் இல்லாமல் மேடையேறுவார்கள்.

"பிரிவுத் தலைவருக்குத் தேநீர் குடு, பேச்சு குடு. நான் வந்துடறேன்" என்று வைத்தார்.

தன்னைத் தவிர இப்படி ஒரு விண்ணப்பத்தை அனுப்பக்கூடியது பணியாளர் பிரிவு ஒன்றுதான். அங்கே போனபோது ஹாவ் ஜான்வூ கணினியிலிருந்து நிமிர்ந்து புன்னகைத்தார். "அக்கா, உங்க வேலையையும் நானே முடிச்சிட்டேன். உங்களுக்கு ஒரு நாள் மிச்சம்."

"எனக்கு ஒரு நாள் மிச்சம். அவருக்கு ஒரு வருஷம் போச்சு" என்று கடவுச்சீட்டு நகலை மேசையில் வைத்தார் லான் சாய்யிங்.

ஹாவ் பிறந்த தேதியைப் படித்தார். விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். முகம் வெளுத்தது. "அப்ப எதுக்கு அக்கா அறுபதுன்னு மேசை போட்டீங்க?"

"அறுபது ஓடுதே தம்பி."

"எங்க ஊர்ல ஓடறதுக்கெல்லாம் மேசை போட மாட்டாங்க அக்கா!" என்றார் அழாக்குறையாக.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற விளக்கக் கடிதம் வேண்டும், அதில் கல்லூரியின் சிவப்பு முத்திரை வேண்டும். இருவரும் முதல்வர் அறைக்குப் போனார்கள். முதல்வர் பொறுமையாகக் கேட்டார். செய்தியில் தன்னுடைய வாழ்த்துரையும் படமும் இருப்பது நினைவுக்கு வந்ததும் பொறுமை குறைந்தது.

"சாய்யிங், கல்லூரி தப்பு பண்ணிடுச்சுன்னு கல்லூரி முத்திரையையே குத்திக் கொடுக்கச் சொல்றியா? மேலே இருந்து கேட்டா நான் என்ன சொல்றது? நானே அறுபதுன்னு கோப்பையைத் தூக்கியிருக்கேன்."

"கல்லூரின்னு போட வேண்டாம். லான் சாய்யிங்ன்னு போட்டுடுங்க. விருந்து நான் போட்டது, பதாகை நான் கட்டச் சொன்னது. வயசை ஊர்க் கணக்குல சொல்லி மத்தவங்களைக் குழப்பினது நான். இதுல ஒரு எழுத்துகூடப் பொய்யில்லையே."

ஹாவ் வாயைத் திறந்தார். "அனுப்பினது நான்தானே அக்கா."

"நீ சும்மா இரு. வந்து ஏழு மாசம் ஆகுது, உன் பேரைப் போட்டா உன்னை மூட்டை கட்டி ஷென்யாங்குக்கு அனுப்பிடுவாங்க. எனக்கு ஓய்வுக்கு இன்னும் மூணு வருஷம். என்னை எங்க அனுப்புவாங்க, ஆத்துக்கு அந்தக் கரைக்கா?"

முதல்வர் பேனாவை உருட்டினார். "இது எழுத்துல போனா, இந்த வருஷம் 'சிறந்த ஊழியர்' உனக்குக் கிடையாது. தெரியும்ல?"

லான் சாய்யிங்கின் அலமாரிக்கு மேலே பதினாறு சான்றிதழ்கள். இன்னும் மூன்று சேர்ந்தால் சுவரின் அந்தப் பக்கம் முழுக்க நிரம்பிவிடும் என்று கணவரிடம் சொல்லியிருந்தார்.

"விரிசல் அந்தப் பக்கம் வரைக்கும் போகல சார்" என்றார்.

கடிதத்தைத் தன் கையாலேயே எழுதினார். முத்திரை விழுந்தபோது மணி பத்தே முக்கால்.

எம்ரிஸ் ஆற்றில் இருந்தார். புதன்கிழமைகளில் அவருக்குப் பிற்பகல்தான் வகுப்பு. படித்துறையில் நின்று லான் சாய்யிங் கத்திய கத்தலில் ஆறு கிழவர்கள் கரையேறினார்கள். ஏழாவதாக அவர் ஏறினார். சட்டையை உள்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு, செருப்போடு, கடவுச்சீட்டுக்காக அறைக்கு ஓடி வந்து, ஸ்கூட்டரின் பின்னால் முழங்காலை மடித்து உட்கார்ந்தார். போகிற வழியில் நடந்ததை எல்லாம் தலையைத் திருப்பாமல் சொல்லி முடித்தார் லான் சாய்யிங். சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் திரும்பிப் பார்த்தார்.

"வாத்தியாரே, தப்பு என்னுது."

"நான் அன்னைக்கே ஐம்பத்தொன்பதுன்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

"மூணு தரம்."

"நாலு தரம். வாயில நூடுல்ஸை வெச்சுக்கிட்டு சொன்னதையும் சேர்த்துக்கணும்."

பின்னால் சிரிப்பு கேட்டது. பிறகு, "இன்னைக்குச் சாயங்காலம் அந்தப் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்திப் பார்க்கற ஒத்திகை இருக்கு. நான் போகணும்னா அவங்ககிட்ட எப்படிச் சொல்றது லான் அக்கா? ஜூன் வரைக்கும்னு சொல்லியிருக்கேனே" என்றார். பச்சை விழுந்தது. லான் சாய்யிங் கைப்பிடியை முறுக்கிய முறுக்கில் எம்ரிஸ் ஒரு கையால் அவருடைய தோளையும் மறு கையால் சீட்டையும் பிடித்துக்கொண்டார்.

பதினாலாம் சன்னலில் நல்ல கூட்டம். சின்ன நோங் சைகை காட்டிப் பின்னால் உட்கார்ந்திருந்த பிரிவுத் தலைவரிடம் அனுப்பினாள். ஒல்லியான மனிதர், கண்ணாடிக் குடுவையில் தேநீர். கடிதத்தை இரண்டு முறை படித்தார். கடவுச்சீட்டைப் பார்த்தார். தலையில் சொட்டும் தண்ணீரோடு நின்ற எம்ரிஸைப் பார்த்தார்.

"கடவுச்சீட்டுல ஐம்பத்தொன்பது. சரி. ஆனா உங்க காலேஜ் செய்தியில அறுபது, முதல்வர் பேச்சுல அறுபது, பதாகையில அறுபது, திங்கட்கிழமை முத்திரை குத்தி அனுப்பின விண்ணப்பத்துல அறுபது. புதன்கிழமை வந்து இல்லைங்கறீங்க. நாளைக்கு யாராவது கேட்டா நான் எந்தக் காகிதத்தைக் காட்டறது?"

"அது ஊர் வழக்கம் சார். கடிதத்துல எழுதியிருக்கேனே."

"வழக்கத்துக்கெல்லாம் இந்தக் கணினியில கட்டம் கிடையாதும்மா. இது அரசாங்க அலுவலகம். இங்க எல்லாருக்கும் ஒரே வயசுதான்."

லான் சாய்யிங் திரும்பினார். சன்னல் வரிசையில் முதலில் ஒரு கிழவர் ஓய்வூதியக் காகிதங்களோடு நின்றிருந்தார்.

"அண்ணா, உங்களுக்கு வயசு எத்தனை?"

கிழவர் காதை இந்தப் பக்கம் திருப்பினார். "எந்தக் கணக்குல?"

கூடத்தில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

"நீங்களே சொல்லுங்க."

"அட்டையில எழுபத்தாறு. வீட்டுல எழுபத்தேழு. நான் பொறந்தது பன்னெண்டு மிருக வருஷத்துல குதிரை வருஷம். நீயே எண்ணிக்கோ" என்றார் கிழவர், எதற்குக் கேட்கிறார்கள் என்றே தெரியாமல்.

அவருக்குப் பின்னால் நின்ற அம்மா தானாகவே சேர்ந்துகொண்டாள். "என் வீட்டுக்காரருக்குப் போன வருஷமே அறுபது போட்டாச்சு. இன்னும் அட்டையில அறுபது ஆகல. ஓய்வூதியம் கேட்டா இன்னும் ஒரு மாசம் பொறுங்கறாங்க. ஆம்பளைக்கு முந்தியே போடலைன்னா மாமியார் விடுவாளா?"

"அமைதியா இருங்க!" என்றார் பிரிவுத் தலைவர். அவருடைய மூக்குக்கண்ணாடியில் மூச்சு படிந்தது.

சின்ன நோங் கணினியைப் பார்த்தபடியே, யாரிடமும் சொல்லாதது போலச் சொன்னாள். "போன மாசம் உங்க அப்பாவுக்கு எழுபதுன்னு எங்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தீங்களே சார்."

"எங்கப்பாவுக்கு அறுபத்தொன்பதுதான்" என்றார் பிரிவுத் தலைவர், யோசிக்காமல்.

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. குடுவையின் மூடியைத் திறந்தார், ஒரு மிடறு குடித்தார், மூடினார். உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. ஒல்லி உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கிழவர் ஒன்றும் புரியாமல் அவரும் சிரித்தார்.

"நீங்க எந்த மிருக வருஷம்?" என்று எம்ரிஸைக் கேட்டார் பிரிவுத் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"பன்றி" என்றார் எம்ரிஸ், ஆற்றங்கரை உச்சரிப்பில். கூடவே ஆற்றில் நீந்தும் கிழவர்கள் பன்றி வருஷத்துக்காரர்களைப் பற்றிச் சொல்லும் ஒரு சொல்லையும் சேர்த்துச் சொன்னார். லான் சாய்யிங் கண்ணை மூடிக்கொண்டார். பிரிவுத் தலைவர் அதைக் கேட்காதது போல விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, 'திரும்பப் பெறப்பட்டது' என்ற கட்டத்தில் அழுத்தினார். பக்கத்தில் காரணம் எழுத இடம் இருந்தது. சற்று யோசித்து, 'விண்ணப்பதாரர் நிறுவனத்தின் எழுத்துப் பிழை' என்று தட்டினார்.

"எழுத்துப் பிழை இல்லையே சார்" என்றார் லான் சாய்யிங், பழக்க தோஷத்தில்.

"அம்மா, போங்க."

வெளியே வந்ததும் எம்ரிஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். லான் சாய்யிங் பக்கத்துக் கடையிலிருந்து சூடாகச் சோயாப் பால் இரண்டு வாங்கி வந்தார். எம்ரிஸைச் சட்டையைத் திருப்பிப் போடச் சொன்னார். தெருவில் வைத்தா என்று கேட்டார் அவர். ஆற்றங்கரையில் எல்லோரும் பார்த்தாயிற்று, இனிமேல் என்ன என்றார் இவர்.

வருஷ முடிவில் 'சிறந்த ஊழியர்' வேறு துறைக்குப் போனது. லான் சாய்யிங்குக்குத் 'திருப்தி' என்று மதிப்பீடு வந்தது. ஹாவ் ஜான்வூ அந்த வாரம் முழுக்க அவருடைய ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போட்டு வைத்தார், கேட்காமலே. பிற்பாடு இரண்டாம் மாடிக்கு அடிக்கடி வந்து உட்கார ஆரம்பித்தார். வெளிநாட்டவர் வேலை எல்லாவற்றையும் அவரிடமே கற்றுக்கொண்டார். அடுத்து வந்த வசந்த விழாவில், அதாவது சீனப் புத்தாண்டில், லான் சாய்யிங் வீட்டில்தான் சாப்பிட்டார், ஊருக்குப் போகவில்லை. தெற்கத்திச் சாப்பாடு காரம் என்று கண்ணீர் விட்டுக்கொண்டே மூன்று கிண்ணம் சாப்பிட்டார்.

ஜூன் பதினெட்டாம் தேதி கல்லூரி அரங்கில் பட்டமளிப்பு. முப்பத்தெட்டுப் பெண்களும் வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியில் வரிசையாக நின்றார்கள். சிலருக்கு அது தரையைப் பெருக்கியது. எம்ரிஸ் மேடையின் இடது ஓரத்தில், தன்னிடம் இருந்த ஒரே கோட்டோடு, வியர்த்து ஊற்ற நின்றார். ஒவ்வொரு பெண்ணும் முதல்வரிடம் பட்டம் வாங்கிக்கொண்டு அவரிடம் வந்து கை குலுக்கினாள். சிலர் குலுக்கினார்கள், சிலர் கட்டிப்பிடித்தார்கள், ஒருத்தி காலை மிதித்துவிட்டு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள், இலக்கணப் பிழை இல்லாமல்.

லான் சாய்யிங் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டாவது பெண் மேடையை விட்டு இறங்கியதும் கையைப் பிரித்தார். பக்கத்தில் இருந்த ஹாவ் ஜான்வூ ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார்.

"எனக்கெதுக்கு? உன் மூக்கைத் துடை" என்று சொல்லி எழுந்து போனார். ஆகஸ்டில் வர வேண்டிய ஓர் அயர்லாந்துப் பெண் வேலை அனுமதிக்கு அனுப்பியிருந்த புகைப்படத்தில் காது தெரியவில்லை, அப்படி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவளுக்கு உடனே எழுத வேண்டியிருந்தது.